வட்டார வழக்கின் வரலாற்றைக் கணினியில் தேட: தொலைவா, மரமா, வலையா, கல்வெட்டா?

வட்டார வழக்கை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "கொங்கு, நெல்லை, யாழ்ப்பாணம் எல்லாவற்றிலும் சொல் சேகரிக்கப் போகிறேன். எந்த மென்பொருளில் போடட்டும்?" மென்பொருள் கடைசியில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அது கேட்கும் வடிவத்தில் தரவு இல்லையே என்று இரண்டாம் ஆண்டில் திண்டாடுபவர்களே அதிகம்.

இன்று நடைமுறையில் உள்ள வழிகள் நான்கு. வழக்குகளுக்கு இடையிலான ஒலித் தொலைவை அளப்பது ஒன்று. கிளை பிரிந்த விதத்தை மரமாகக் கணிப்பது இரண்டாவது. மரத்துக்குப் பதில் வலைப்படம் வரைவது மூன்றாவது. தேதியுள்ள பழைய எழுத்துகளில் வடிவங்களை எண்ணுவது நான்காவது. நான்குமே "கணினிவழி வரலாறு" என்ற பெயரில்தான் உலாவுகின்றன. ஆனால் ஒன்று பதில் சொல்லும் கேள்விக்கு இன்னொன்று பதில் சொல்லாது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், உங்கள் கேள்வி. வரலாறு என்று சொல்லும்போது மூன்று வேறு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எந்த வழக்கு எதனோடு சேர்ந்து ஒரு கிளையாக இருந்தது? எப்போது பிரிந்தது? ஒரு குறிப்பிட்ட மாற்றம் எங்கே தோன்றி எந்தப் பக்கம் பரவியது? இதில் எது உங்களுடையது என்று ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் களப்பணிக்குக் கிளம்ப வேண்டாம். ("எங்கள் ஊர்த் தமிழ்தான் ஆகப் பழையது" என்று நிறுவ வேண்டும் என்பவர்களுக்கு நான்கில் எதுவும் உதவாது. எல்லா வழக்குக்கும் ஒரே வயதுதான்.)

இரண்டாவது, தரவு. பிரான்சில் ழூல் ஜில்லியேரோன் வெளியிட்ட மொழி நிலப்படத்துக்காக எட்மோன் எட்மோன் என்ற ஒரே ஆள் 639 ஊர்களில் ஒரே கேள்விப் பட்டியலைக் கேட்டு எழுதினார். அங்கே பின்னாளில் கணினியோடு வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட தரவு தயாராக இருந்தது. இந்தியாவில் பிரித்தானிய ஆட்சிக் கால அதிகாரி கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தை விட்டுவிட்டே நடந்தது. வட்டாரச் சொல்லகராதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கரிசலுக்கு கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் தொகுத்தவை அருமையானவை. ஆனால் வட்டாரச் சொல்லகராதி பிற ஊரில் இல்லாத சொல்லைத்தான் தேடிச் சேர்க்கும். "கண்", "மூக்கு" அதில் இருக்காது. ஒப்பிடுவதற்கு எல்லா ஊரிலும் ஒரே பொருளுக்கான சொல் வேண்டும். அகராதிகளை அப்படியே கணினியில் ஊட்டினால் எல்லா வட்டாரமும் மற்றதிலிருந்து எக்கச்சக்கமாக விலகி நிற்பதுபோல் படம் வரும்.

மூன்றாவது, சாதியும் இடமும். ஐரோப்பிய முறைகள் ஓர் ஊருக்கு ஒரு பேச்சு என்று வைத்துக்கொண்டு வளர்ந்தவை. தஞ்சாவூரில் ஒரே தெருவின் இரு முனைகளில் "வந்தாங்க" என்றும், பிராமணர் பேச்சில் அதற்கே "வந்தா" என்றும் கேட்கும். இரண்டையும் ஒரே புள்ளியில் போட்டால் தஞ்சாவூர் எங்கேயும் ஒட்டாத ஊராகத் தெரியும்.

நான்காவது, வழக்குகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதை அந்த முறை தாங்குமா என்பது. ஐந்தாவது, கைவேலை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லா மென்பொருளும் இலவசம், மடிக்கணினியிலேயே ஓடும். செலவெல்லாம் ஒலிபெயர்ப்பிலும் (பேச்சைக் கேட்டு ஒலிக்குறியீடுகளில் எழுதுவது) இனச்சொல் (ஒரே வேரிலிருந்து வந்த சொல்) குறிப்பதிலும்தான்.

| | தொலைவு | மரம் | வலை | பழைய எழுத்து |
|---|---|---|---|---|
| தேவையான தரவு | ஒரே பட்டியல், ஒலிபெயர்ப்புடன் | இனச்சொல் அல்லது மாற்றங்களின் குறியீடு | முதல் இரண்டு முறைகளின் தரவில் ஏதாவது ஒன்று | இடமும் காலமும் தெரிந்த எழுத்து |
| யார் யாரோடு? | இன்றைய நெருக்கம் மட்டும் | ஆம், கலப்பு குறைவாக இருந்தால் | முரண்களோடு சேர்த்துக் காட்டும் | மறைமுகமாக |
| எப்போது? | சொல்லாது | நங்கூரத் தேதி (உறுதியாகத் தெரிந்த ஒரு காலம்) இருந்தால் | சொல்லாது | நேரடியாகச் சொல்லும் |
| எங்கிருந்து எங்கே? | ஊகிக்க மட்டும் | பெரும்பாலும் இல்லை | இல்லை | எழுத்து கிடைக்கும் இடங்களில் |
| கலப்பைத் தாங்குமா? | தாங்கும், ஆனால் மறைத்துவிடும் | சிரமம் | அதற்காகவே உள்ளது | தாங்கும் |
| கைவேலை | அதிகம் | மிக அதிகம் | தனியாக எதுவும் இல்லை | சுத்தம் செய்வதில் மிக அதிகம் |

## தொலைவு அளத்தல்

1973இல் ழான் செகுய் பிரான்சின் கஸ்கோனி வழக்குகளுக்காகத் தொடங்கிவைத்த துறை இது. அவர் எண்ணியது ஊருக்கு ஊர் எத்தனை விடைகள் வேறுபடுகின்றன என்பதை. சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965இல் தந்த அளவை 1995இல் பிரெட் கெஸ்லர் ஐரிஷ் வழக்குகளுக்குப் பயன்படுத்தினார். அதன் பிறகு நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் நெர்போன், ஹேரிங்கா முதலியோர் இதைப் பெரிய அளவில் வளர்த்தார்கள். அங்கிருந்து வந்த கேப்மேப் என்ற இணையக் கருவியில் அட்டவணையை ஏற்றினால் நிறம் தீட்டிய நிலப்படமே வந்துவிடும்.

கணக்கு எளிது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை ஒலிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணி நீளத்தால் வகுக்கிறோம். "வாழப்பழம்" என்பதில் வ், ஆ, ழ், அ, ப், ப், அ, ழ், அ, ம் எனப் பத்து ஒலிகள். மதுரைப் பக்கம் கேட்கும் "வாளப்பளம்" அதிலிருந்து இரண்டு மாற்றம் தள்ளி, அதாவது 0.2. வடக்கே, பழைய சென்னைப் பேச்சில் கேட்கும் "வாயப்பயம்" அதுவும் 0.2. "வாளப்பளம்", "வாயப்பயம்" இரண்டுக்கும் இடையே? அதுவும் 0.2.

மூன்றும் சம தூரத்தில் நிற்கின்றன. ஆனால் வரலாற்றில் இவை சமம் இல்லை. ழகரம் பழையது, ளகரமும் யகரமும் அதிலிருந்து தனித்தனியே பிறந்தவை. அந்தத் திசை இந்த எண்ணில் இல்லை. அதோடு ழ, ள ஆனது ஒரே ஒரு மாற்றம். கணினியோ அதை இந்தச் சொல்லில் இரண்டு முறையும், "கோழி", "மழை", "வழி" என்று பட்டியலில் வரும் ஒவ்வொரு ழகரத்துக்கும் ஒரு முறையும் எண்ணும். நெல்லையில் நிகழ்காலம் "சொல்லுதான்" என்று தகரத்தில் வருவது வரலாற்றாளருக்குப் பெரிய தடயம். சொற்பட்டியலில் வினை இல்லையென்றால் அது கணக்கிலேயே வராது.

இன்னொரு சிக்கல் ழகரத்தைக் காப்பாற்றியவர்கள். கன்னியாகுமரிப் பேச்சு, பிராமணர் பேச்சு, மலையாளம் மூன்றிலும் ழ இருக்கிறது. தொலைவுக் கணக்கு இவர்களைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைக்கும். பழையதை விடாமல் வைத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்ததுதான் சான்று. ஒப்பிலக்கணக்காரர்கள் கணினி வருவதற்கு முன்பே இதில் தெளிவாக இருந்தார்கள். தொலைவு முறை அந்தத் தெளிவை ஓர் எண்ணுக்காக விட்டுக்கொடுக்கிறது.

மறைவான செலவுகள் இரண்டு. ஒலிபெயர்ப்பை இரண்டு பேர் பிரித்துக்கொண்டால், நிலப்படத்தில் தெரியும் எல்லை பல நேரம் வழக்கின் எல்லையாக இருக்காது. ஒருவர் எழுதிய ஊர்கள் முடிந்து மற்றவர் எழுதிய ஊர்கள் தொடங்கும் இடமாக இருக்கும். முடிந்தால் ஒரே காது, ஒரே கை. இரண்டாவது, ஒலிபெயர்ப்பு வேலைக்குப் பயந்து எழுத்து வடிவத்தையே கணினியில் போடுவது. யாழ்ப்பாண எழுத்தில் "ரொரன்ரோ", சென்னை எழுத்தில் "டொரண்டோ". இந்த வேறுபாட்டில் பாதி எழுத்து மரபு. அதை ஒலித் தொலைவாக எண்ணினால் பாக் நீரிணை இன்னும் கொஞ்சம் அகலமாகிவிடும்.

இத்தனை குறை சொன்ன பிறகும், ஒரு வேலைக்கு இதை விடச் சிறந்தது இல்லை. ஊர்களுக்கு இடையிலான தூரத்தை ஓர் அச்சிலும் ஒலித் தொலைவை இன்னொன்றிலும் வைத்துப் புள்ளியிட்டால், தொடக்கத்தில் வேகமாக ஏறிப் பிறகு தட்டையாகும் வளைவு கிடைக்கும் என்று செகுய் காட்டினார். அந்த வளைவிலிருந்து விலகி நிற்கும் ஊர்களில்தான் கதை இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்தும் பேச்சில் நெருங்கியிருந்தால் குடிபெயர்வு, வணிகம், மணவுறவு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. எங்கே தோண்டலாம் என்று தெரிந்துகொள்ள இதை எடுங்கள். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய முதுகலை ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும்.

## மரம் கணித்தல்

உயிரியலிலிருந்து வந்த முறை. 2003இல் கிரேயும் அட்கின்சனும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குச் செய்து பெரிய விவாதத்தைக் கிளப்பினார்கள். திராவிட மொழிகளுக்கு 2018இல் விஷ்ணுப்பிரியா கோலிபாகம் முதலியோர் 20 மொழிகளையும் 100 அடிப்படைச் சொற்களையும் வைத்துச் செய்தார்கள். குடும்பத்தின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டு என்று வந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடியது நினைவிருக்கலாம்.

அதைப் பார்த்துவிட்டு "அப்படியே தமிழ் வழக்குகளுக்கும் செய்கிறேன்" என்று வருபவர்களிடம் நான் சொல்வது: அந்த இருபதில் தமிழுக்கு ஓர் இடம்தான். இருபது மொழிகளுக்கு வேலை செய்த பட்டியல் ஒரே மொழியின் இருபது வழக்குகளுக்கு வேலை செய்யாது. கண், கை, மூக்கு, நாக்கு, கல், தீ என்று அடிப்படைச் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். கோவையிலும் மட்டக்களப்பிலும் ஒரே வேர். "தண்ணி"க்குக் குமரியில் "வெள்ளம்" என்பது போன்ற வேறுபாடு அங்கங்கே தட்டுப்படும், அவ்வளவுதான். எல்லாக் கட்டத்திலும் ஒரே இனச்சொல் எண் இருந்தால் கணினி எதை வைத்துக் கிளை பிரிக்கும்? அது பேசாமல் இருந்துவிடாது என்பதுதான் ஆபத்து. ஏதோ ஒரு மரத்தை வரைந்து தரும். கிளைகளின் நம்பிக்கை அளவைப் பார்க்காமல் அச்சில் போட்டுவிட்டால் அழகாகவே இருக்கும்.

வழக்குகளுக்கு மரம் வேண்டுமென்றால் சொல்லை விட்டுவிட்டு மாற்றங்களைக் குறிக்க வேண்டும். ழ என்ன ஆயிற்று, நிகழ்கால இடைநிலை எது, "என்னுடைய" என்பதற்கு வடிவம் எது, யாழ்ப்பாணத்து "உது", "உவன்" போல நடுத்தூரச் சுட்டு எஞ்சியிருக்கிறதா, மரியாதைப் பன்மை "ஆங்க"வா "ஆவ"வா என்று ஒவ்வொன்றையும் ஒரு வரிசையாக்கி, எது பழைய நிலை எது புதிய நிலை என்றும் முடிவு செய்ய வேண்டும். இது கணினி வேலை அல்ல, மொழியியலாளர் வேலை. பெரும்பாலான நேரம் இங்கேதான் போகும். யோஹான்-மத்தீஸ் லிஸ்ட் உருவாக்கிய லிங்பை, எடிக்டர் போன்ற கருவிகள் ஒலி இணைகளைத் தேடிக் கொடுக்கும். ஆனால் கடன்சொல்லா, இனச்சொல்லா என்ற தீர்ப்பு உங்களுடையது.

அப்புறம் தேதி. பீஸ்ட் போன்ற மென்பொருள் ஆண்டுக்கணக்கு தர வேண்டுமானால் எங்காவது ஒரு நங்கூரம் போட வேண்டும். தமிழ்-மலையாளப் பிரிவுக்கு 9ஆம் நூற்றாண்டு வாழப்பள்ளிச் செப்பேட்டைச் சிலர் காட்டுவார்கள். அதன் மொழி பழைய மலையாளமா தமிழா என்பதிலேயே வழக்கு முடியவில்லை. நங்கூரமே மிதந்தால் கப்பல் எங்கே நிற்கும்? இலங்கையின் மலையகத் தமிழில் இதற்கு நேர்மாறு. 19ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கு ஆட்கள் போன காலம் ஆவணங்களில் இருக்கிறது, தேதி உறுதி. ஆனால் திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று பல பக்கத்து ஆட்கள் ஒரே லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) வாழ்ந்து உருவான பேச்சு அது. பல தாய்கள் உள்ள ஒன்றுக்கு மரத்தில் இடமே கிடையாது.

ஓட விடுவதிலும் பொறுமை வேண்டும். இரவு முழுவதும் ஓடி, மாதிரிகளின் செயலளவு (ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை) வழக்கமாக எதிர்பார்க்கும் 200ஐத் தாண்டாமல் நின்று, காலையில் மறுபடி தொடங்கும்.

பின் எப்போது மரம்? குழுக்கள் தெளிவாகப் பிரிந்து தொடர்பு குறைந்துபோன இடத்தில். நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை அண்டை மொழிகளோடு வைத்து ஆராய்பவருக்கு இது சரியான கருவி. காவிரிப் படுகையின் ஊர்களை ஆராய்பவருக்கு இல்லை.

## வலைப்படம்

ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ என்ற மென்பொருளில் பிரையன்ட், மோல்ட்டன் இருவரின் முறைப்படி வரைவது. தரவு ஒரே மாதிரி மரத்தில் அடங்கினால் மரம்போலவே வரும். முரண்பட்டால் கிளைகளுக்கு நடுவே பெட்டி பெட்டியாக விரியும்.

"என்னுடைய" என்பதை எடுத்துக்கொள்வோம். கொங்கில் "என்ற", யாழ்ப்பாணத்தில் "என்ரை", மலையாளத்தில் "என்றெ". இந்த ஒரு பண்பு மூன்றையும் ஒரு பக்கம் இழுக்கும். ழகரம் யாழ்ப்பாணத்தை மதுரைப் பக்கம் இழுக்கும், ஏனென்றால் அங்கேயும் ளகரம்தான் அதிகம் கேட்கும். மரமாக இருந்தால் ஏதோ ஒன்றை ஜெயிக்க வைத்து மற்றதை மறைத்துவிடும். வலையில் இரண்டு இழுப்பும் பெட்டியாகத் தெரியும். அந்த மூன்று வடிவங்களும் ஒரு பொது மூலத்தின் எச்சமா, தொடர்பினால் வந்ததா, தனித்தனியே சுருங்கியதா என்று வலை சொல்லாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று காட்டிவிடும்.

தொலைவுக்கோ மரத்துக்கோ தயாரித்த அதே அட்டவணை போதும், பத்து நிமிட வேலை. மறைவான செலவு வாசகரிடம்தான் இருக்கிறது. பெட்டியைப் பார்த்ததும் "இங்கே கலப்பு நடந்தது" என்று எழுதிவிடுவார்கள். தவறான ஒலிபெயர்ப்பும் பெட்டியாகத்தான் விழும். எது முதலில் இருந்தது என்று காட்டும் வேரும் இல்லை, காலமும் இல்லை.

## பழைய எழுத்துகளை எண்ணுதல்

காலத்தை நேரடியாகத் தருவது இது ஒன்றுதான். தமிழுக்கு இதில் பெரிய கொடுப்பினை உண்டு. 1890இல் ஹுல்ட்ஷ் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் முதல் இன்றுவரை வந்த பாடங்களில் பேச்சு அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. சோழர் காலக் கல்வெட்டில் "விற்றுக் குடுத்தோம்" என்று சபையார் சொல்கிறார்கள். விளக்குக்கு "வைச்ச" ஆடுகள் என்று வருகிறது. இந்த இரண்டாவதையே ஆய்வாக எடுக்கலாம். ஐகாரத்துக்குப் பின் "த்த" என்பது "ச்ச" ஆன மாற்றம் எந்த நூற்றாண்டில், எந்த நாட்டில் எவ்வளவு? "வைத்த", "வைச்ச" இரண்டையும் நூற்றாண்டுவாரியாகவும் ஊர்வாரியாகவும் எண்ண ஒரு சிறிய பைத்தான் நிரல் போதும். ஆ. வேலுப்பிள்ளை கல்வெட்டுகளின் கிளைமொழிகளைக் கையாலேயே ஆராய்ந்தார். இன்று பாடம் மின்வடிவில் இருந்தால் எண்ணுவது எளிது.

அந்த "இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் பல கல்வெட்டுகளுக்கு ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே உண்டு, முழுப் பாடம் அச்சாகவில்லை. பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு கிடையாது. பதிப்பில் காணும் நெடில், பதிப்பாசிரியர் படித்த விதம். ஆகவே அந்த உயிர்களின் நீளத்தைப் பற்றிய கேள்வியை இங்கே கேட்காதீர்கள்.

அடுத்தது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி. முதலாம் இராசராசனின் "திருமகள் போல" என்று தொடங்கும் பகுதி நாடெங்கும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் செதுக்கப்பட்டது. அதை வெட்டி எடுக்காமல் எண்ணினால் நீங்கள் எண்ணுவது வட்டார வழக்கை அல்ல, அரண்மனைப் புலவரின் தமிழை. அரச ஆணையின் வாசகமும் அப்படித்தான், தலைநகரில் எழுதப்பட்டு ஊருக்கு வந்தது. ஊர்ச் சபை, கொடையாளி, கோயிலார் தம் சொந்த வாசகத்தில் சொல்லும் பகுதிகளை மட்டும் தனியே குறிக்க வேண்டும். அதைக் கணினி செய்யாது.

காலத்திலும் பொறி உண்டு. வெறும் "கோப்பரகேசரி" (சோழ அரசர் பலருக்கும் பொதுவான பட்டம்) என்றிருந்தால் எந்த அரசன் என்று எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கும். அரைநூற்றாண்டு முன்பின் ஆகலாம். பரவலும் சமச்சீராக இல்லை. காவிரிக் கரையில் கல்வெட்டுகள் குவிந்து கிடக்கின்றன, யாழ்ப்பாணத்தில் விரல்விட்டு எண்ணலாம். ஒரு வடிவம் ஓரிடத்தில் கிடைத்தால் அது சான்று. கிடைக்கவில்லை என்பது பல இடங்களில் எதற்கும் சான்றில்லை.

கல்வெட்டு ஓய்ந்த பிறகு மிஷனரிகள் கை கொடுப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் இருந்த அண்ட்ரிக் அடிகளார் காதில் கேட்ட வடிவங்களைக் குறித்துவைத்தவர். செய்யுள் மரபுக்கு வெளியே நின்று எழுதியவர் என்பதால் அவர் குறிப்புகளுக்குத் தனி மதிப்பு.

களத்துக்குப் போக வாய்ப்பில்லாதவர்களுக்கும், "எப்போது" என்பதே கேள்வியாக உள்ளவர்களுக்கும் இதுதான் வழி. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் தொடங்க வேண்டாம்.

## யாருக்கு எது

மூன்று, நான்கு ஆண்டு அவகாசம் உள்ள முனைவர் பட்ட மாணவருக்கு என் தேர்வு: மாற்றங்களின் அட்டவணையைக் கையால் தயாரித்து வலைப்படம். அதில் பெட்டியே விழாமல் தெளிவாகப் பிரியும் பகுதி இருந்தால் அங்கே மட்டும் மரம். அட்டவணையில் உள்ள ஓரிரு மாற்றங்களைக் கல்வெட்டில் தேடிக் காலம் காணலாம். தொலைவு அளவீட்டை முதல் ஆண்டில், ஊர் தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்தலாம். வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மரத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்கேற்ற வரலாற்றைத் தேடுகிறார்கள்.

கூட்டாக வேலை செய்யும் துறைகளில் ஒருவர் களம், ஒருவர் கல்வெட்டு, ஒருவர் நிரல் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒலிபெயர்ப்பை மட்டும் பிரிக்க வேண்டாம். நல்கை சிறிதாக இருந்தால், புதிய கணினி வாங்குவதை விட, ஒலிபெயர்ப்பு தெரிந்த ஒருவருக்கு ஓராண்டு ஊதியம் கொடுப்பது மேல்.

முறை எதுவானாலும் தரவை ஒரே வடிவில் வையுங்கள். ஒரு வரிக்கு ஒரு விடை. ஊர், பேசியவரின் சமூகம், வயது, பொருள், ஒலிபெயர்ப்பு, இனச்சொல் எண், குறித்தவர் யார் என்று தனித்தனிப் பத்திகள். ஒலிப்பதிவுக் கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கட்டும், பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கலாம். இப்படி இருந்தால் கேப்மேப்பில் ஏற்றிய அதே அட்டவணையைச் சிறு மாற்றத்தோடு ஸ்ப்ளிட்ஸ்ட்ரீயிலும் பீஸ்டிலும் ஏற்றிவிடலாம், முறையை மாற்றிக்கொள்ள நேர்ந்தால் மறுபடி களத்துக்கு ஓட வேண்டியதில்லை.